இரண்டரை விரல் மழை

அந்த வாரம் மழை மண்டியில் ஒரு முழு மழை ஒரு முழு அழுகைக்குப் போய்க்கொண்டிருந்தது. தூறல் போதும் என்றால் இரண்டு பெருமூச்சு. இடியோடு வேண்டும் என்றால் மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டும். அதற்குத் தனி ரேட்.

சரக்கில் தரம் பார்ப்பார்கள். கல்யாண வீட்டு அழுகையை மூன்றாந்தரத்தில் சேர்ப்பார்கள். டிவி பார்த்து அழுததை வாங்குவதே இல்லை. வெங்காயம் நறுக்கிக் கண்ணைக் கலக்கிக்கொண்டு வருகிறவர்களை வாசலிலேயே முகர்ந்து பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தண்ணீர் கலந்த அழுகை புழங்குகிறது என்று ஒருமுறை புகார் வந்தது. அதற்குக் கமிட்டி போட்டார்கள். கமிட்டி இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

தனுஷ்கோடிக்கு இதெல்லாம் தெரியும். மல்லியும் வத்தலும் கமிஷனுக்கு வாங்கி விற்கிறவர். தனக்கு வேண்டாத பொருளாக இருந்தாலும் அது என்ன விலைக்குப் போகிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள். அதுவரை மழை அவருக்கு வேண்டாத பொருள். கிட்டங்கியில் மல்லி மூட்டை அடுக்கியிருக்கும்போது எந்த வியாபாரி மழையைக் கேட்பான்.

வீட்டுப் புல் காய ஆரம்பித்த பிறகுதான் கேட்டார்.

மல்லிக்கிட்டங்கித் தெருவில் புல்தரை வைத்த வீடு அவருடையது ஒன்றுதான். ஒரு சாண் இடம் கிடைத்தாலும் அதில் ஒரு மூட்டையை நிறுத்திவைக்கிற மனிதர்கள் வாழும் தெரு. வீட்டுக்கு முன்னால் அத்தனை இடத்தை விட்டு, புல் வளர்த்து, அதில் ஆட்டையும் மேயவிடாமல், அறுத்துக் கட்டாகக் கட்டி விற்கவும் செய்யாமல் ஒருவர் இருப்பது அவர்களுக்குப் புரியவில்லை. இதில் வருமானம் எப்படி வருகிறது என்று எதிர்த்த எண்ணெய்க்கடை வெள்ளைச்சாமி உண்மையான அக்கறையோடு விசாரித்திருக்கிறார்.

வருமானம் சாயங்காலம் வந்தது.

அந்தத் தெருவில் செத்துப்போகிறவர்கள் ரொம்பத் தூரம் போவதில்லை. வெள்ளைச்சாமியின் அண்ணன் கடை ஷட்டரில் இருக்கிறார். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது இரண்டு இருமல் இருமுவார், அவ்வளவுதான். அரிசிக்கடைக்காரரின் அம்மா தராசில் இருக்கிறார். அது எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். முத்திரை போட வந்த அதிகாரி விவரம் கேட்டுக்கொண்டு, தராசைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

தனுஷ்கோடியின் மகள் புல்லில் இருந்தாள்.

வீட்டில் அவள் பாப்பா. நல்ல பெயர் ஒன்றும் உண்டு. அது பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் மட்டும். இரண்டாம் வகுப்பு படிக்கும்போது ஒரு காய்ச்சலில் போனாள். போன மறு வாரம் சாயங்காலம், வாசலில் புல் தானாக அழுந்தியது. ஒரு சின்னப் பாதம் அளவுக்கு. அதற்கு முன்னால் இன்னொன்று. பிறகு வரிசையாக. கேட்டிலிருந்து கிளம்பி, கடைசியில் இருக்கும் சிமெண்டுத் தொட்டி வரை ஓடி, தொட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி கேட்டுக்கு. அழுந்திய புல் நிமிர்வதற்குள் அடுத்த பாதம் விழும். செருப்பில்லாத பாதம். விரல்கூடத் தெரியும்.

தனுஷ்கோடியின் மனைவி செல்வக்கனி இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை எடுத்து வாசலில் போட்டாள். அதன்பிறகு அவை உள்ளே போகவில்லை. தினமும் சாயங்காலம் அவர் கிட்டங்கியைப் பூட்டிவிட்டு வருவார். இரண்டு பேரும் உட்கார்வார்கள். "மெதுவா ஓடு பாப்பா, விழுந்துருவ" என்று செல்வக்கனி சொல்வாள். விழுந்தால் இனி என்ன ஆகிவிடும் என்று இருவருக்கும் தோன்றும். ஆனாலும் அவள் சொல்வாள். அந்த நேரத்தில் போன் அடித்தால் தனுஷ்கோடி எடுக்கமாட்டார். மல்லி விலை ஏறி அடித்த போனைக்கூட எடுத்ததில்லை.

பிறகு வானம் கடையைச் சாத்தியது.

முதலில் புல் கொஞ்சம் சாம்பல் பூத்தது. அழுந்தின இடம் நிமிராமல் அப்படியே கிடந்தது. நேற்று ஓடிய தடம் இன்றும் இருந்தது. இன்று ஓடியது அதன்மேல் விழுந்தது. செல்வக்கனிக்குச் சந்தோஷம். தடம் தங்குகிறது, தங்குகிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். புல்லுக்குத் தாகம் எடுத்தால் முதலில் அப்படித்தான் ஆகும் என்று அவளுக்குத் தெரியாது.

அப்புறம் புல் பழுப்பாகியது. ஓட்டத்தில் சத்தம் வந்தது, அப்பளம் நொறுங்குகிற மாதிரி. அப்புறம் ஓட்டம் நடையானது. தொட்டி வரை வந்த கால் பாதி வழியில் நின்று திரும்பியது. ஒரு சாயங்காலம் கேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பாதம் மட்டும் அழுந்தியது. மறுநாள் நாற்காலிகளுக்கு முன்னால் வெறும் வைக்கோல் கிடந்தது. அவர்கள் இருட்டும்வரை உட்கார்ந்துவிட்டு உள்ளே போனார்கள். சாப்பிட்டார்கள். ரசம் நன்றாக இருந்ததாகத் தனுஷ்கோடி சொன்னார். அன்றைக்கு ரசம் வைக்கவில்லை.

போர் போட்டுப் பார்த்தார்கள். குழாய் ரொம்ப ஆழம் போய் எதிலோ இடித்து நின்றது. கீழேயிருந்து யாரோ பதிலுக்குத் தட்டினார்கள்.

"மாடியில யாரு?" என்று குரல் வந்தது.

"தண்ணி இருக்கா?" என்று தனுஷ்கோடி குனிந்து கேட்டார்.

"நாங்களே மேலேருந்து வரும்னு வாளியை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்."

அவர்கள் குரலும் வறண்டுதான் இருந்தது. குழாயை மூடிவிட்டார்கள்.

ஆபீசில் எழுதிக் கொடுத்ததில் புல் ஆபீசர் வந்தார். ஜெபராணி என்று பெயர். நடுத்தர வயது, முழங்காலில் மண் கறை. முதலில் ஒரு விண்ணப்பம். அதில் புல்லின் தகப்பனார் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. தனுஷ்கோடி தன் பெயரை எழுதினார். ஜெபராணி அதை வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

"ஒரு பிடி பிடிச்சு இழுங்க அண்ணாச்சி" என்றார். "கையோட வந்துட்டா செத்தது. வரலேன்னா தூங்குது."

தனுஷ்கோடி தொட்டிப் பக்கம் போய் ஒரு பிடி பிடித்தார். காய்ந்த தாள் உள்ளங்கையில் குத்தியது. இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தார். அப்போது கீழேயிருந்து அது அவரை இழுத்தது. சுண்டுவிரலை மட்டும். மிட்டாய்க் கடையைத் தாண்டும்போது இழுபடுகிற மாதிரி.

அவர் கையை எடுத்துக்கொண்டு எழுந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

"தூங்குது" என்று ஜெபராணி எழுதிக்கொண்டார்.

என்ன செய்யவேண்டும் என்று அவர் வரிசையாகச் சொன்னார். யாரும் மிதிக்கக் கூடாது. வெட்டக் கூடாது. தரை கல்லாக இறுகியிருக்கிறது, கம்பியால் குத்திக் குத்தி ஓட்டை போட வேண்டும், வேர் மூச்சு விடட்டும். மக்கிய தொழுவுரத்தைச் சலித்து மேலாகத் தூவ வேண்டும், கறிக்கு மிளகுத்தூள் போடுகிற மாதிரி, அதற்கு மேல் வேண்டாம். யூரியா பக்கமே போகக் கூடாது. தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்பி யாராவது சோறு ஊட்டுவார்களா என்று கேட்டார். செல்வக்கனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் ஊட்டியிருக்கிறாள்.

"அப்புறம் ஒரு மழை" என்றார் ஜெபராணி. "நல்ல மழை. வேர் வரைக்கும் இறங்கணும். வாளியில தெளிச்சு ஏமாத்த முடியாது."

"எவ்வளவு நாள் இப்படியே தூங்கும்?"

"தூங்கும். ரொம்ப நாள் ஆச்சுன்னா, தூக்கத்துக்கும் மத்ததுக்கும் வித்தியாசம் அதுக்கே மறந்துரும்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். கேட்டைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

கணவனும் மனைவியும் வேலையில் இறங்கினார்கள். வத்தல் மூட்டையில் மாதிரி எடுக்கிற குத்தூசியைத் தனுஷ்கோடி கிட்டங்கியிலிருந்து கொண்டுவந்து தரை முழுக்கக் குத்தினார். பழக்கதோஷத்தில், ஒவ்வொரு குத்துக்கும் ஊசியில் ஒட்டிய மண்ணை உள்ளங்கையில் தட்டி முகர்ந்து பார்த்தார். செல்வக்கனி மல்லி சலிக்கிற பெரிய சல்லடையில் உரத்தைச் சலித்தாள். மிதிக்கக் கூடாது என்பதால் இரண்டு பேரும் ஒரு பலகையைப் போட்டு, அதில் குந்தி, நகர்த்தி நகர்த்தி வேலை செய்தார்கள். வெள்ளைச்சாமி கடையில் இருந்தபடியே பார்த்தார். இவ்வளவு பாடுபட்டதற்கு நிலக்கடலை போட்டிருக்கலாம் என்று தன் ஷட்டரிடம் சொன்னார். ஷட்டர் இருமியது.

இனி மழைதான் பாக்கி. அதற்குத் தனுஷ்கோடிதான் போக வேண்டியிருந்தது. செல்வக்கனியிடம் சரக்கு இல்லை. அவளுடைய அழுகை எல்லாம் பாப்பா போன அன்றைக்கே செலவாகிவிட்டது. பண்டமாற்றுக்கு என்று ஒரு சொட்டு எடுத்துவைக்க அவளுக்குத் தெரியவில்லை. தனுஷ்கோடியுடையது அப்படியே இருந்தது. அன்று பந்தலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் வண்டிக்கும் ஆள் பார்த்தது அவர். வந்தவர்களுக்குக் காப்பி போயிற்றா என்று பார்த்ததும் அவர். அழ நேரம் இல்லை. பிறகு நேரம் இருந்தது, இடம் இல்லை. அது உள்ளேயே கிடந்தது, மூட்டைத் தையல் பிரிக்காமல்.

"கேக்குறதக் கொடுத்துட்டு வாங்க" என்றாள் செல்வக்கனி. அவர் தோளில் துண்டைப் போட்டுவிட்டாள்.

மழை மண்டி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. ஈரமான பக்கமாகத் திரும்பினால் வரும். உள்ளே போக ஒரு நீளமான தாழ்வாரம். அவசரக்காரர்களுக்கு அது நீண்டுகொண்டே போகும் என்று எல்லோருக்கும் தெரியும். எனவே தனுஷ்கோடி அவசரமே இல்லாதவராக, சுவரில் ஒட்டியிருந்த நோட்டீசுகளைப் படித்துக்கொண்டு நடந்தார். வேண்டியதை வேண்டாதது மாதிரி பார்ப்பது அவருக்குக் கைவந்த வித்தை. தாழ்வாரம் ஏமாறவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சைப் பார்த்து நீண்டது. ஒரு திருப்பத்தில் உட்கார்ந்து, கொண்டுபோன முறுக்கைத் தின்றார். மறுபடி நடந்தார்.

கடைசியில் ஒரு வாசல். அங்கே ஸ்டூலில் ஒருவன்.

"வறட்சிக்கு ஆதாரம்?" என்றான்.

தனுஷ்கோடி சட்டைப்பையைத் தடவினார். ஒன்றும் இல்லை. அவன் எழுந்து வந்து, கீழ் இமையை விரலால் இழுத்து, அவர் கண்ணுக்குள் பார்த்தான்.

"இது போதும்" என்று உள்ளே விட்டான்.

மண்டியில் அன்று வரத்துக் குறைவு. செங்கோட்டைச் சாரல் சணல் சாக்கில் கசிந்துகொண்டிருந்தது. ஆலங்கட்டி தனிக்கூடையில். ஒரு புயலைத் தூணில் கட்டிப்போட்டிருந்தார்கள். பெயர் வைத்த பிறகு அதை யாரும் வாங்க வரவில்லையாம். நல்ல மழை ஆவுடையப்பன் என்பவரிடம் மட்டும் இருந்தது. பருத்த மனிதர். பேசும்போது மீசையிலிருந்து சொட்டும்.

எவ்வளவு இடம் என்று ஆவுடையப்பன் கேட்டார். ஒரு புல்தரை என்றார் தனுஷ்கோடி. அதில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பாப்பா என்றார். ஆவுடையப்பன் அதற்குமேல் விசாரிக்கவில்லை. சாக்கில் குத்தூசியைச் செருகி, கொஞ்சம் மழையை எடுத்து, தனுஷ்கோடியின் உள்ளங்கையில் தட்டினார்.

தனுஷ்கோடி முகர்ந்தார். நனைந்த பள்ளிக்கூடச் சட்டையின் வாசனை. குடையை மறந்துவிட்டு வந்த சட்டை. காலர் பக்கம் கொஞ்சம் தேங்காயெண்ணெய்.

இதற்குமேல் ஒரு மழை கிடையாது.

"சுமாராத்தான் இருக்கு" என்றார்.

ஆவுடையப்பன் துண்டைக் கேட்டு வாங்கினார். அங்கேயும் வாய்விட்டு விலை சொல்கிற வழக்கம் இல்லை. இரண்டு பேர் கைமேலும் துண்டு விழும். அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஐந்து விரலையும் பிடித்தால் முழு விலை. விரல் குறையக் குறைய விலை குறையும். நடுக்கணுவில் அழுத்தினால் அரை. பக்கத்தில் நிற்கிறவனுக்குக்கூட என்ன பேசினார்கள் என்று தெரியாது. துண்டை எடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது. அப்புறம் எவர் வந்தாலும் மாற்ற முடியாது.

ஆவுடையப்பனின் ஈரக் கை துண்டுக்குள் வந்து தனுஷ்கோடியின் ஐந்து விரலையும் பிடித்தது. ஒரு முழு மழை, ஒரு முழு அழுகை.

நியாயமான விலை. சொல்லப்போனால் கொள்ளை மலிவு. கொடுத்தால் தனுஷ்கோடிக்குப் பாரம்தான் குறையும். திருப்பி ஐந்து விரலையும் பிடிக்க வேண்டியது ஒன்றுதான் வேலை.

அந்தக் கை அதைச் செய்யவில்லை. மீசை முளைக்காத வயதிலிருந்து துண்டுக்குள் போய்வந்த கை அது. கேட்ட விலையை அது ஒருநாளும் கொடுத்ததில்லை. தன் கல்யாணத்துக்குத் தாலி வாங்கும்போதுகூடக் கொடுக்கவில்லை. டாக்டர் பீசில்கூட. அவர் மனம் சரி சரி என்று சொல்லிக்கொண்டிருந்தபோதே, அது தன்பாட்டுக்கு ஆவுடையப்பனின் இரண்டு விரலைப் பிடித்தது. மூன்றாவதின் நடுக்கணுவில் அழுத்தியது.

பாதி.

ஒரு பேச்சுக்குத்தான். ஆவுடையப்பன் நான்கரைக்கு வருவார், இவர் மூன்றுக்குப் போவார், அவர் எழுந்து போகிறமாதிரி போவார், யாராவது டீ வாங்கி வருவார்கள், கடைசியில் ஐந்துக்கே முடிந்தாலும் முடியும். விலை பேசியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆவுடையப்பன் துண்டை எடுத்துவிட்டார்.

"முடிஞ்சுது" என்றார்.

மண்டியில் சொட்டுகிற சத்தம் நின்றது. முதல் பேச்சிலேயே எதிராளி படிந்துவிட்டால் ஏமாந்தது யார் என்று தனுஷ்கோடிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"அஞ்சே தாரேன் அண்ணாச்சி" என்றார். வாங்குகிற இடத்தில் நின்றுகொண்டு விலையைக் கூட்டிக் கேட்டது வாழ்க்கையில் அதுவே முதல் தடவை. நாக்கு அதற்குப் பழகியிருக்கவில்லை. "சும்மா ஒரு பேச்சுக்குப் பிடிச்சேன்."

"துண்டை எடுத்தாச்சே."

"நான் விலையைத்தான் குறைச்சேன். மழையக் குறைக்கலையே."

"இங்க ரெண்டும் ஒண்ணுதான்."

"பிள்ளை விஷயம் அண்ணாச்சி."

"இங்க வர்றது எல்லாம் பிள்ளை விஷயந்தான்" என்றார் ஆவுடையப்பன். அவர் குரலில் கோபம் இல்லை. கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. "பாதி கேக்குறவருக்குப் பாதி போதும்போலன்னு நான் எடுத்துக்கிட்டேன். நீங்க யாரு எவருன்னு எனக்கு வேற எப்படித் தெரியும்?"

தனுஷ்கோடியை மேடைத் தராசில் உட்காரவைத்தார்கள். குமாஸ்தா ஒருவன் முள்ளைச் சரிபார்த்துவிட்டு, அழலாம் என்றான். தனுஷ்கோடிக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கனைத்துப் பார்த்தார். முகத்தைச் சுருக்கிப் பார்த்தார். பின்னால் வரிசையில் நின்ற ஒரு பெண், முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும் என்று ஆறுதல் சொன்னாள்.

குமாஸ்தா பில் எழுத ஆரம்பித்தான்.

"யார் பேர்ல?"

"பாப்பா."

"முழுப் பேர் சொல்லுங்க."

தனுஷ்கோடி வாயைத் திறந்தார். அந்தப் பெயரை அவர் கடைசியாகச் சொன்னது ஆஸ்பத்திரி கவுண்டரில். அதற்கும் முன்னால், பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று.

"சுபாஷிணி" என்றார்.

முள் நகர்ந்தது.

நல்ல சரக்கு என்று சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். பழைய சரக்கு, ஆனால் ஈரம் குறையவில்லை. இந்தத் தரம் வந்து எத்தனையோ நாளாயிற்று என்றான் குமாஸ்தா. ஆவுடையப்பன்கூடத் தன் சாக்கை விட்டுவிட்டு வந்து பார்த்தார். தனுஷ்கோடிக்கு எதுவும் காதில் விழவில்லை. முதலில் பாப்பாவின் காய்ச்சல் நினைவுக்கு வந்தது. பிறகு ஈரத்துணி. பிறகு, ஊசி வேண்டாம்பா என்று சொன்னது. நாளைக்குப் போகலாம், ராத்திரியில் ஆட்டோக்காரன் இரண்டு மடங்கு கேட்பான் என்று இவர் சொன்னது. அந்த இடத்துக்கு வந்ததும் உள்ளே ஏதோ பெரிய கதவு ஒன்று திறந்துகொண்டு

"போதும்" என்று குமாஸ்தா கையைக் காட்டினான். "பாதி ஆயிருச்சு."

அழுகை நின்றுவிட்டது. விக்கல்கூட வரவில்லை. மீதியை அவரிடமே விட்டுவிட்டார்கள். அது தொண்டைக்குக் கீழே, வாய் கட்டாத சாக்கு மாதிரி நின்றது.

மழையை ஒரு கயிற்றில் கட்டிக் கையில் கொடுத்தார்கள். அது தலைக்கு மேலே ஆட்டுக்குட்டி மாதிரி பின்னால் வந்தது. வழியில் காய்ந்த வீடுகளைப் பார்த்தால் அந்தப் பக்கம் இழுத்தது. அறுத்த ஓரம் நேராக இருந்தது, ரம்பம் வைத்து அறுத்த மாதிரி.

செல்வக்கனி கேட்டைத் திறந்துபிடித்துக்கொண்டு நின்றாள். மழையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அதன் ஓரத்தைப் பார்த்தாள்.

"பாதிதானே இருக்கு" என்றாள்.

"பாதிதான் கிடைச்சுது" என்றார் அவர்.

கயிற்றை அவிழ்த்தார். மழை பெய்தது. கேட்டிலிருந்து புல்தரையின் நட்டநடு வரைக்கும் பெய்தது. வேர் வரை இறங்கிற்று. அந்த வகையில் ஆவுடையப்பன் ஏமாற்றவில்லை. நடுவில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப்பக்கம், தொட்டி இருக்கும் பக்கம், ஒரு துளி விழவில்லை. தனுஷ்கோடி கோட்டின்மேல் குனிந்து, தண்ணீரைக் கையால் அந்தப்பக்கம் தள்ளிப் பார்த்தார். அது திரும்பி வந்துவிட்டது. தெருக்காரர்கள் கூடிப் பார்த்தார்கள். நறுவிசாகப் பெய்கிற மழை என்று வெள்ளைச்சாமி சொன்னார்.

கொஞ்ச நாளில் அந்தப் பாதியில் பச்சை விட்டது. முதலில் நூல் நூலாக. பிறகு கை வைத்தால் குளிரும்படி. செல்வக்கனி நாற்காலிகளைத் துடைத்தாள்.

பாதம் வந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் ஒன்று அழுந்தியது. பிறகு ஒன்று. பிறகு ஓட்டம், பழைய ஓட்டம். செல்வக்கனி எழுந்து நின்றுவிட்டாள். மெதுவாக ஓடு என்று சொல்ல அவளுக்கு மறந்துபோயிற்று. பாதம் பச்சையில் பறந்து வந்து, கோட்டில் நின்றது.

கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு இரண்டு தடத்தில் ஒன்று மறைந்தது. காலைத் தூக்கியிருக்கிறாள். தூக்கிய கால் அந்தப்பக்கம் இறங்கியிருக்க வேண்டும். காய்ந்த புல்லில் ஒன்றும் அழுந்தவில்லை. கால் திரும்பிவந்தது, பச்சையில் தடம் விழுந்தது. மறுபடி தூக்கினாள். மறுபடி திரும்பியது.

அடுத்த நாளும் முயன்றாள். அதற்கடுத்த நாளும். பிறகு ஓடுவதை விட்டுவிட்டாள். கேட்டிலிருந்து நடந்து வந்து, கோட்டில், தொட்டியைப் பார்த்து நிற்பாள். அவள் நின்று நின்று அந்த இடத்தில் மட்டும் புல் மஞ்சளடித்தது.

செல்வக்கனி ஒரு சாயங்காலம் விலை என்ன என்று கேட்டாள்.

"துண்டுக்குள்ள பேசுனத வெளிய சொல்றதில்ல."

"நான் வெளியா?"

அவர் சொன்னார். விரல்களைப் பிடித்தே காட்டினார். அவள் கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும். அவள் தன் கையை விடுவித்துக்கொண்டு, பிடித்த விரல்களை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுலயுமாங்க" என்றாள்.

மறுநாள் காலை அவர் மீதி அழுகையை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனார். இந்தத் தடவை தாழ்வாரம் நான்கே எட்டில் முடிந்துவிட்டது. அவரை நிறுத்திவைக்க அதற்கு ஒரு காரணமும் இல்லாத மாதிரி. ஆவுடையப்பன் அவர் நெஞ்சருகே முகர்ந்து பார்த்துவிட்டு, உடைத்த மூட்டை, காற்றுப் பட்டுவிட்டது, எடுக்க முடியாது என்றார். ஒரு தூறலுக்காவது எடுத்துக்கொள்ளச் சொன்னார் தனுஷ்கோடி. பனிக்காவது. ஆவுடையப்பன் அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். அதற்குக் காசு வாங்கவில்லை. அதுதான் தனுஷ்கோடிக்கு மிகவும் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து தொட்டிப் பக்கம் போனார். குந்தி, ஒரு பிடி பிடித்து, இழுத்தார்.

கையோடு வந்தது. பலமே வேண்டியிருக்கவில்லை, மாலையிலிருந்து பூவை உருவுகிற மாதிரி வந்தது. அவர் அதைப் பறித்த குழியிலேயே திரும்ப நட்டு, மண்ணைத் தட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார். செல்வக்கனி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் அவள் நாற்காலியில் உட்காரவில்லை. காய்ந்த பாதியில் வந்து, கோட்டுக்குப் பக்கத்தில், தரையிலேயே உட்கார்ந்தாள். அவரையும் கூப்பிட்டாள். பலகை இல்லாமல் மிதித்துக்கொண்டே வந்தார். இனி மிதித்தால் ஒன்றுமில்லை.

எதிரே பச்சையில் இரண்டு பாதம் வந்து நின்றது.

"விக்க முடியாட்டி என்னங்க" என்றாள் செல்வக்கனி. "சும்மா அழுங்க. அவளுக்காக."

தனுஷ்கோடி அழ உட்கார்ந்தார். துண்டை மடியில் வைத்துக்கொண்டார். அது உள்ளே இருந்தது. அதன் கனம் தெரிந்தது. வா என்றார். அது வந்து தொண்டையில் நின்று, என்ன தருவாய் என்று கேட்டது. ஒன்றும் இல்லை, சும்மாதான் என்றார். அப்படியென்றால் என்ன என்று அதற்குப் புரியவில்லை. அவருக்கும் விளக்கத் தெரியவில்லை. மறுபடி சொல்லிப் பார்த்தார். செல்வக்கனி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள், வாந்தி வராதவர்களுக்குத் தடவுகிற மாதிரி. எதிரே ஒரு பாதம் எழும்பியது. காத்திருந்தது. இறங்கியது.

தெருவில் ஷட்டர்கள் விழும் சத்தம் கேட்டது. கடை சாத்துகிற நேரம். அந்த நேரத்தில் கணக்குப் பார்க்காமல் அவரால் எழுந்திருக்க முடியாது. பார்த்தார்.

வரவு: பாதி மழை. பாதிப் புல். அதில் ஒரு பிள்ளை.

செலவு: பாதி அழுகை.

கையிருப்பு: மீதி அழுகை. விலை போகாது. சும்மா கொடுக்கத் தெரியாது.

சுபாஷிணிக்குக் கொடுக்க வேண்டியது: தொட்டி வரைக்கும் போய்ச் சுற்றி வர ஒரு முழு ஓட்டம். கொடுத்தது பாதி. கேட்காமல் நிற்கிறாள். மீதி பாக்கி.